இற்றைப்படுத்தலுக்குப் பின் லினக்ஸ் பணிமேடை தோன்றாமை

இற்றைப்படுத்தலுக்குப் பின் பணிமேடை தோன்றாமை என்பது, குனூ/லினக்ஸ் இயக்குதளத்தில் மென்பொருள் பொதிகளைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மீண்டும் தொடக்கும்போது, வழக்கமான வரைகலைத் திரை வராமல் நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். திரை கருமையாகவே இருக்கலாம். வெறும் எழுத்துகளில் பயனர் பெயர் கேட்கப்படலாம். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது போல் காட்டிவிட்டு மீண்டும் புகுபதிகைத் திரைக்கே திரும்பலாம். அனுபவம் குறைந்த பயனர்கள் கணினியே பழுதாகிவிட்டதாகக் கருதி, இயக்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவிவிடுவதுண்டு. அப்போது வன்தட்டில் இருந்த ஆவணங்களும் ஒளிப்படங்களும் சேர்ந்து அழிகின்றன. அதுவரை அவை பெரும்பாலும் எந்தச் சேதமும் இன்றி இருந்திருக்கும். இழப்பு வழுவினால் வருவதன்று, அவசரமாகச் செய்யப்பட்ட மருத்துவத்தினால் வருவது.

படிநிலைகள்

லினக்ஸ் கணினி ஒன்று தொடங்கும்போது பல நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுப்பேற்கின்றன. தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருள் முதலில் இயங்கி, கிரப் போன்ற ஒரு தொடக்க ஏற்றியை அழைக்கிறது. ஏற்றி, கெர்னல் எனப்படும் கருனியையும் அதனுடன் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு தற்காலிகக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கருனி வன்பொருள்களை அடையாளம் கண்டு, வட்டுப் பிரிவைத் திறந்து, சிஸ்டம்டி என்னும் சேவை மேலாளரைத் தொடக்குகிறது. சிஸ்டம்டி பிற சேவைகளோடு காட்சி மேலாளரையும் தொடக்குகிறது. புகுபதிகைத் திரையைக் காட்டுவது இந்தக் காட்சி மேலாளரே. க்னோம் பணிச்சூழலில் ஜிடிஎம், கேடியீ பணிச்சூழலில் எஸ்டிடிஎம், வேறு பலவற்றில் லைட்டிடிஎம் இப்பணியைச் செய்கின்றன. அதற்கும் மேலே எக்ஸ் வழங்கியோ வேலாந்து முறையோ இயங்க, கடைசியாகவே பணிமேடை வருகிறது.

எக்ஸ் சாளர முறைமை 1984 இல் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்டது. அது இயக்குதளத்தின் கருனிக்குள் இல்லாமல் ஒரு சாதாரண நிரலாகவே வடிவமைக்கப்பட்டது. 2008 இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலாந்தும் இவ்வகையில் வேறுபட்டதன்று. எனவே வரைகலை முழுவதும் செயலிழந்தாலும் அதற்குக் கீழுள்ள கணினி இயங்கிக்கொண்டே இருக்கும். கோப்புகள், வலையமைப்பு, பொதி மேலாளர் ஆகிய அனைத்தும் அப்போதும் பயன்படுத்தத் தக்க நிலையிலேயே இருக்கும்.

ஆகையால் இச்சிக்கலைத் தீர்ப்பதில் முதன்மையான வேலை, தொடக்கம் எந்தப் படியில் நின்றது என்று கண்டறிவதே. கிரப் பட்டியலே வரவில்லையாயின் சிக்கல் ஏற்றியில் உள்ளது. கருனியின் செய்திகள் ஓடி நடுவில் நின்றால் கருனியிலோ வட்டிலோ உள்ளது. எழுத்துத் திரையில் புகுபதிகை கேட்கப்பட்டால் கருனி வரை எல்லாம் நலம். காட்சி மேலாளரோ வரைகலை இயக்கியோ பழுதாகியுள்ளது. வரைகலையிலேயே புகுபதிகைத் திரை வந்து, அதன் பின் பணிமேடை வரவில்லையாயின் பழுது பெரும்பாலும் அந்தப் பயனரின் சொந்த அமைவுகளில் இருக்கும்.

2006 உபுண்டு நிகழ்வு

இவ்வகைச் சிக்கலுக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு உபுண்டு 6.06 பதிப்பில் நிகழ்ந்தது. 2006 ஜூனில் வெளியான இப்பதிப்பே, நீண்ட கால ஆதரவு பெற்ற முதல் உபுண்டு பதிப்பு. பணிமேடைக் கணினிகளுக்கு மூன்றாண்டுகள் நிலையான ஆதரவு என்னும் உறுதியுடன் அது வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று எக்ஸ் வழங்கியின் மையப் பொதிக்கு ஓர் இற்றை வெளியிடப்பட்டது. வழக்கம் போல் அதை ஏற்றுக்கொண்ட பலருடைய கணினிகளில், அடுத்த தொடக்கத்தில் வரைகலைத் திரை வரவில்லை. எழுத்து முனையம் மட்டுமே எஞ்சியது.

திருத்தப்பட்ட பொதி விரைவில் களஞ்சியத்தில் வைக்கப்பட்டது. அதைப் பெறத் தேவைப்பட்டவை இரண்டே ஆணைகள்: பொதிப் பட்டியலைப் புதுப்பிக்க ஒன்று, புதிய பொதிகளை நிறுவ மற்றொன்று. ஆனால் அவ்விரு ஆணைகளையும் எழுத்து முனையத்தில்தான் உள்ளிட வேண்டியிருந்தது. தீர்வு இணையத்தில் இருந்தது. இணையத்தைப் பார்க்க உதவும் உலாவியோ வராத பணிமேடைக்குள் இருந்தது. வீட்டில் ஒரே கணினி வைத்திருந்தவர்கள் அண்டை வீட்டிலோ இணைய மையத்திலோ போய்ப் படித்துவிட்டு வர வேண்டிய நிலை. இக்கட்டுரையில் கூறப்படும் வழிமுறைகளில் சிலவற்றையேனும் தாளில் குறித்து வைத்திருப்பது நல்லது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எழுத்து முனையத்தை அடைதல்

திரை கருமையாக இருக்கும்போது, கணினி உயிருடன் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். விசைப்பலகையில் பெரிய எழுத்துப் பூட்டு விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்பது எளிய சோதனை. விளக்கு மாறினால் கருனி இயங்குகிறது என்று கொள்ளலாம். மாறாவிட்டால் கருனி உறைந்திருக்க வாய்ப்புண்டு. எனினும் விளக்கே இல்லாத விசைப்பலகைகளும் இக்காலத்தில் பல உள்ளன.

அடுத்து கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய விசைகளுடன் எஃப்3 விசையைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் ஒன்று திறக்கும். முற்காலப் பதிப்புகளில் எஃப்1 முதல் எஃப்6 வரை எழுத்து முனையங்களாகவும் எஃப்7 வரைகலையாகவும் இருந்தன. இப்போது பல வழங்கல்களில் முதலிரு முனையங்களை வரைகலை எடுத்துக்கொள்வதால், எஃப்3 இலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது. மடிக்கணினிகளில் சிலவற்றில் எஃப்என் விசையையும் உடன் அழுத்த வேண்டும். கடவுச்சொல்லை உள்ளிடும்போது திரையில் விண்மீன் குறி கூடத் தோன்றாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று புதியவர்கள் இவ்விடத்தில் ஏமாறுகின்றனர்.

முனையமும் திறக்கவில்லையாயின், கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலை வரவழைக்க வேண்டும். பழைய பயாஸ் வகைக் கணினிகளில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிப்பதும், யூஇஎஃப்ஐ வகையில் எஸ்கேப் விசையைத் தட்டுவதும் வழக்கம். உபுண்டு, டெபியன் வழங்கல்களில் அப்பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் பழைய கருனிகளும் மீட்பு நிலையும் காணப்படும். வீட்டில் வேறொரு கணினி இருந்து, பழுதான கணினியில் எஸ்எஸ்எச் சேவையும் முன்பே நிறுவப்பட்டிருந்தால், வலையமைப்பு வழியாக நுழைவது இவை எல்லாவற்றிலும் எளிது.

இக்கட்டுரையில் ஆணைகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்படுகின்றன. கணினியில் அவற்றைச் சிறிய உரோம எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

தமிழ் இடைமுகம் கொண்ட கணினிகளில்

பணிமேடையைத் தமிழில் அமைத்துக்கொண்டவர்களுக்கு எழுத்து முனையத்தில் கூடுதலாக ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். கருனியின் எழுத்து முனையம் ஒரு நேரத்தில் 512 எழுத்து வடிவங்களை மட்டுமே கையாளும். உயிர்மெய்க் குறிகளை முன்பின்னாக இணைத்துக் காட்டும் திறனும் அதற்கு இல்லை. எனவே தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட பிழைச் செய்திகளும், தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகளும் வெறும் கட்டங்களாகவோ வைரக் குறிகளாகவோ தோன்றும். கோப்புகள் சிதைந்துவிட்டன என்று இதனால் முடிவு செய்துவிடக் கூடாது. பெயர்கள் வட்டில் ஒருங்குறியில் அப்படியே உள்ளன. காட்டும் இடம்தான் தகுதியற்றது.

செய்திகளைப் படிக்க, லேங் என்னும் சூழல் மாறியின் மதிப்பைத் தற்காலிகமாகச் சி என்னும் பெரிய எழுத்தாக மாற்றிவிட வேண்டும். அதன் பின் ஆணைகள் ஆங்கிலத்தில் விடையளிக்கும். இணையத்தில் தேடுவதற்கும் ஆங்கிலச் செய்தியே உதவும். தமிழ்ப் பெயருள்ள அடைவுக்குள் செல்ல வேண்டியிருந்தால் தாவல் விசையை அழுத்திப் பெயரை நிரப்பிக்கொள்ளலாம், அல்லது பெயருக்குப் பதிலாக உடுக்குறி இடலாம்.

பதிவேடுகளைப் படித்தல்

சிஸ்டம்டி பயன்படுத்தும் வழங்கல்களில் ஜர்னல்சிடிஎல் என்னும் ஆணை எல்லாச் செய்திகளையும் காட்டும். பி தெரிவுடன் இட்டால் தற்போதைய தொடக்கத்தின் செய்திகளும், அதனுடன் கழித்தல் ஒன்று என்று சேர்த்தால் முந்தைய தொடக்கத்தின் செய்திகளும் கிடைக்கும். பதிவேடு வட்டில் சேமிக்கப்படும் வழங்கல்களில் மட்டுமே இரண்டாவது கிடைக்கும். கணினி முற்றிலும் உறைந்து, பழைய கருனியால் மீண்டும் தொடக்கியிருந்தால் தேவைப்படுவதும் இந்த இரண்டாவதே. காட்சி மேலாளரின் நிலையைச் சிஸ்டம்சிடிஎல் ஆணையின் ஸ்டேட்டஸ் தெரிவு காட்டும்.

எக்ஸ் வழங்கி தனக்கென ஒரு பதிவேடு வைத்துக்கொள்கிறது. இது வார் அடைவின் கீழ் லாக் என்னும் அடைவில் எக்ஸ்ஆர்க் என்னும் பெயரில் இருக்கும். அண்மைய வழங்கல்கள் பலவற்றில் பயனரின் இல்ல அடைவுக்குள் மறைந்துள்ள லோக்கல் அடைவில் காணப்படும். அதில் அடைப்புக்குறிக்குள் இரண்டு ஈ எழுத்துகள் இடப்பட்ட வரிகள் பிழைகள். இரண்டு டபிள்யூ எழுத்துகள் இடப்பட்டவை எச்சரிக்கைகள். நலமாக இயங்கும் கணினியிலும் எச்சரிக்கைகள் ஏராளமாக இருக்கும். அவற்றைத் துரத்திச் செல்வது வீண். பிழை வரிகளிலும், முதலில் வந்த பிழையே காரணமாக இருக்கும். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

பாதியில் நின்ற நிறுவல்

டெபியன் வகை வழங்கல்களில் ஒரு பொதி இரண்டு கட்டங்களாக நிறுவப்படுகிறது. முதலில் கோப்புகள் பிரித்து வைக்கப்படும். பின்னர் அமைவு நிரல்கள் இயக்கப்படும். இடையில் மின்சாரம் நின்றாலோ, பொறுமையிழந்து கணினி அணைக்கப்பட்டாலோ, பல பொதிகள் முதற்கட்டத்திலேயே தங்கிவிடும். புதிய நூலகமும் பழைய நிரலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும் இந்நிலையில் பணிமேடை வராதது வியப்பன்று.

இதற்குத் தீர்வு எளிது. டிபிகேஜி ஆணையை, இரட்டைக் கழித்தல் குறியுடன் கூடிய கன்ஃபிகர் தெரிவும், ஒற்றைக் கழித்தல் குறியுடன் கூடிய ஏ தெரிவும் கொடுத்து மூலப் பயனராக இயக்கினால், விடுபட்ட அமைவுகள் முடிக்கப்படும். அதன் பின் ஆப்ட்-கெட் ஆணையின் இன்ஸ்டால் தெரிவை எஃப் குறியுடன் இயக்கினால், நிறைவு பெறாத சார்புப் பொதிகள் சரிசெய்யப்படும். வேறு நிரல் பூட்டி வைத்துள்ளதாகச் செய்தி வந்தால், பூட்டுக் கோப்பை அழித்துவிடுமாறு பலரும் அறிவுரை கூறுவர். பின்னணியில் இற்றைப்படுத்தல் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது பொதித் தரவுதளத்தையே கெடுத்துவிடும். சில நிமிடங்கள் காத்திருப்பதே நல்லது.

வரைகலைச் சூழலுக்குள் முனையச் சாளரம் ஒன்றைத் திறந்து பெரிய இற்றைப்படுத்தலைச் செய்வதிலும் இந்த ஆபத்து உண்டு. இற்றைப்படுத்தலின் நடுவில் வரைகலை வழங்கி நின்றுவிட்டால், அச்சாளரமும் அதற்குள் ஓடிய நிறுவலும் சேர்ந்தே நிற்கும். பெடோராவின் வரைகலை நிறுவி, பொதிகளை முன்னதாகப் பதிவிறக்கிவிட்டு மறுதொடக்கத்தின்போது தனி நிலையில் நிறுவுவது இக்காரணத்தினாலேயே.

நிறைந்த வட்டு

வட்டில் இடமில்லாமை மிகச் சாதாரணமான காரணம். ஆயினும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. டி, எஃப் என்னும் இரண்டெழுத்து ஆணையை எச் தெரிவுடன் இட்டால் ஒவ்வொரு வட்டுப் பிரிவும் எத்தனை விழுக்காடு நிறைந்துள்ளது என்று தெரியும். இல்ல அடைவு உள்ள பிரிவு முழுவதும் நிறைந்திருந்தால், புகுபதிகையின்போது எழுத வேண்டிய சிறு கோப்புகளைக் கூட எழுத இயலாமல் பணிமேடை திரும்பிவிடும். பூட் என்னும் தனிப் பிரிவு நிறைந்திருந்தால், புதிய கருனிக்குரிய இனிட்ராம்எஃப்எஸ் முழுமையாக உருவாகியிராது. பதிவிறக்கி வைத்த பொதிகளை ஆப்ட்-கெட் ஆணையின் கிளீன் தெரிவால் நீக்கலாம். பழைய கருனிகளைக் கோப்புகளாக அழிக்காமல் பொதி மேலாளர் வழியாகவே நீக்க வேண்டும். இயங்குவதாக அறியப்பட்ட ஒன்றையேனும் விட்டுவைக்க வேண்டும்.

வரைகலை இயக்கிகள்

பணிமேடை தோன்றாமைக்கு மிக அடிக்கடி காரணமாவது வரைகலை அட்டையின் இயக்கியே. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் வரைகலைக்குரிய திறமூல இயக்கிகள் கருனியோடு சேர்ந்தே வருவதால், கருனி மாறும்போது அவையும் உடன் மாறுகின்றன. என்விடியா நிறுவனத்தின் சொந்த இயக்கி அவ்வாறன்று. அது இரு பகுதிகளால் ஆனது: கருனிக்குள் ஏற்றப்படும் கூறு ஒன்று, பயன்பாடுகள் அழைக்கும் நூலகங்கள் மற்றொன்று. இவ்விரண்டின் பதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தாக வேண்டும். கருனிக் கூறோ, எந்தக் கருனிக்காகத் தொகுக்கப்பட்டதோ அந்தக் கருனிக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே கருனி, இயக்கி ஆகிய இரண்டில் எது மாறினாலும் பொருத்தம் குலைய இடமுண்டு.

இதைச் சமாளிக்க டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2003 இல் டிகேஎம்எஸ் என்னும் கருவியை உருவாக்கினர். புதிய கருனி நிறுவப்படும் ஒவ்வொரு முறையும் அது கூறுகளைத் தானே மீண்டும் தொகுத்துக்கொள்கிறது. பெடோராவில் ஏகேமாட்ஸ் என்னும் கருவி இதே பணியைச் செய்கிறது. ஆனால் தொகுப்பதற்குக் கருனியின் தலைப்புக் கோப்புகள் தேவை. கருனிப் பொதி மட்டும் இற்றைப்பட்டு, தலைப்புக் கோப்புப் பொதி நிறுவப்படாமல் இருந்தால் தொகுப்பு நிகழாது. மிகப் புதிய கருனியின் உள்ளமைப்பு மாறியிருந்து, பழைய இயக்கியின் மூலநிரல் அதனோடு ஒவ்வாமல் போவதும் உண்டு. இரு நிலைகளிலும் இற்றைப்படுத்தலின்போது பிழைச் செய்தி வந்திருக்கும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடிவிட்ட அதனை எவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பாதுகாப்பான தொடக்கம் எனப்படும் செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ள கணினிகளில் மற்றொரு தடை உண்டு. கையொப்பமிடப்படாத கூறுகளைக் கருனி ஏற்க மறுக்கும். தொகுப்பு வெற்றியுடன் முடிந்திருந்தும் இயக்கி ஏறாமல் இருந்தால் இதையே முதலில் ஐயுற வேண்டும். நிறுவலின்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்பட்டு, அடுத்த தொடக்கத்தில் நீலத் திரையில் அதை உறுதி செய்யுமாறு கேட்கப்பட்டிருக்கும். அத்திரையைத் தவறவிட்டவர்களுக்குப் புதிய சாவி பதிவாகியிராது.

நோயறியும் முறை இது: கிரப் பட்டியலில் முந்தைய கருனியைத் தேர்ந்து தொடக்கிப் பார்க்க வேண்டும். பணிமேடை வந்துவிட்டால் சிக்கல் புதிய கருனிக்கும் இயக்கிக்கும் இடையில் என்பது உறுதி. பின்னர் வரைகலையிலிருந்தே பொறுமையாகத் தலைப்புக் கோப்புகளை நிறுவி, டிகேஎம்எஸ் நிலையைச் சரிபார்த்துக் கூறுகளை மீண்டும் தொகுக்கலாம். உபுண்டுவும் டெபியனும் முந்தைய கருனியை வைத்திருக்கின்றன. பெடோரா இயல்பாக மூன்று கருனிகளை வைத்துக்கொள்கிறது. ஆர்ச் லினக்ஸ் இயல்பாகப் பழைய கருனியை வைப்பதில்லை. அதைப் பயன்படுத்துவோர் நீண்ட கால ஆதரவுள்ள கருனியையும் முன்கூட்டியே நிறுவி வைப்பது தக்கது.

பழைய கருனியும் உதவாதபோது, கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் என்னும் சொல்லைச் சேர்த்துத் தொடக்கலாம். கருனி திரையின் முறையை மாற்றாமல் நிலைபொருள் அமைத்த எளிய காட்சியையே பயன்படுத்தும். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே. இதை நிலையான தீர்வாக அமைவுக் கோப்பில் எழுதி வைத்துவிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. வரைகலை அட்டையின் ஆற்றல் முழுவதும் அதனால் பயனற்றுப் போகிறது.

என்விடியா இயக்கியை நீக்கிவிட்டு, 2010 முதல் கருனியிலேயே இடம்பெற்றுள்ள நூவோ என்னும் திறமூல இயக்கிக்குத் திரும்புவதும் ஒரு வழி. அப்போது ஈடிசி அடைவின் கீழ் எக்ஸ்11 அடைவில் பழைய எக்ஸ்ஆர்க் அமைவுக் கோப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். நீக்கப்பட்ட இயக்கியின் பெயர் அதில் இருந்தால், எக்ஸ் வழங்கி இல்லாத இயக்கியைத் தேடி நின்றுவிடும். அக்கோப்பை அழிக்காமல் பெயர் மாற்றி வைத்தால் போதும். இன்றைய எக்ஸ் வழங்கி அமைவுக் கோப்பு இல்லாமலே வன்பொருளைத் தானே அறிந்துகொள்ளும்.

பழைய அட்டைகளுக்கு ஆதரவு முடிவடைவதும் நினைவில் கொள்ளத் தக்கது. எடுத்துக்காட்டாக, ஃபெர்மி குடும்ப அட்டைகளுக்குரிய 390 வரிசை இயக்கியின் ஆதரவு 2022 இறுதியில் நின்றது. அத்தகைய அட்டை உள்ள கணினியில் வழங்கலைப் புதிய பதிப்புக்கு உயர்த்தினால், பொருந்தும் இயக்கி களஞ்சியத்தில் இல்லாமலே போகலாம். நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரடியாகப் பதிவிறக்கி நிறுவுவதும் பரிந்துரைக்கத் தக்கதன்று. அவ்வாறு நிறுவியது பொதி மேலாளருக்குத் தெரியாது. அடுத்த இற்றைப்படுத்தல் அதன் கோப்புகள் மேல் எழுதிவிடும்.

புகுபதிகைச் சுழல்

கடவுச்சொல்லை உள்ளிட்டதும் திரை ஒரு கணம் இருண்டு மீண்டும் புகுபதிகைத் திரையே வருவது புகுபதிகைச் சுழல் எனப்படுகிறது. தவறான கடவுச்சொல் எனில் அவ்வாறு செய்தி வரும். செய்தியின்றித் திரும்பினால் பணிமேடை தொடங்கி உடனே விழுந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு ஒரு பழைய காரணம், எக்ஸ்அத்தாரிட்டி என்னும் மறைகோப்பின் உரிமை மாறிப்போவதாகும். வரைகலை நிரல் ஒன்றையோ எக்ஸ் வழங்கியையோ மூலப் பயனராக இயக்கும்போது, பயனரின் இல்ல அடைவில் உள்ள அக்கோப்பு மூலப் பயனருக்கு உரியதாகிவிடும். அதன் பின் பயனர் தன் சொந்தக் கோப்பையே எழுத இயலாது. எழுத்து முனையத்தில் எல்எஸ் ஆணையை எல், ஏ தெரிவுகளுடன் இட்டு உரிமையாளர் பெயரைப் பார்த்து, சௌன் ஆணையால் திருப்பி மாற்றிவிடலாம். அக்கோப்பை இல்ல அடைவில் வைக்காத காட்சி மேலாளர்களும் உள்ளன. அங்கு வேறு காரணத்தையே தேட வேண்டும்.

மற்றொரு காரணம் பணிமேடையின் நீட்சிகளும் அமைவுகளும் ஆகும். 2023 செப்டம்பரில் வெளியான க்னோம் 45 பதிப்பில் நீட்சிகள் எழுதப்படும் முறையே மாறியதால், அதற்கு முன் எழுதப்பட்டவை எதுவும் மாற்றமின்றி இயங்கவில்லை. பொருந்தாதவற்றைப் பணிச்சூழல் தானே முடக்கிவிட முயலும். எப்போதும் அது கைகூடுவதில்லை.

பழுது பயனரின் அமைவில் உள்ளதா, அமைப்பு முழுவதிலும் உள்ளதா என்று பிரித்தறிய ஓர் அருமையான சோதனை உண்டு. எழுத்து முனையத்தில் புதிய பயனர் ஒருவரை உருவாக்கி, அப்பெயரில் வரைகலைத் திரையில் நுழைந்து பார்க்க வேண்டும். புதியவருக்குப் பணிமேடை வந்தால் அமைப்பு நலமாக உள்ளது. பழைய பயனரின் கன்ஃபிக் என்னும் மறை அடைவில் ஏதோ கெட்டுள்ளது. அவ்வடைவை வேறு பெயருக்கு மாற்றி வைத்துவிட்டு நுழைந்தால் புதிய அமைவுகள் உருவாகும். பழையவற்றிலிருந்து தேவையானவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

நீக்கப்பட்ட பணிமேடை

சில வேளைகளில் பணிமேடை பழுதாவதில்லை, கணினியிலிருந்தே நீக்கப்பட்டுவிடுகிறது. சார்புப் பொதிகளின் பதிப்புகள் முரண்படும்போது, ஒன்றை நிறுவுவதற்காக மற்றொன்றை நீக்கிவிடப் பொதி மேலாளர் முன்மொழியலாம். 2021 நவம்பரில் வெளியான காணொளியில், யூடியூபில் புகழ்பெற்ற லைனஸ் செபாஸ்டியன் பாப்!_ஓஎஸ் வழங்கலில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவ முற்பட்டார். பணிமேடைப் பொதிகள் நீக்கப்படவுள்ளன என்று ஆப்ட் எச்சரித்து, தொடர விரும்பினால் "யெஸ், டூ ஆஸ் ஐ சே!" என்னும் சொற்றொடரைத் தட்டச்சு செய்யுமாறு கேட்டது. அவரும் அவ்வாறே செய்தார், பணிமேடை மறைந்தது. எச்சரிக்கையைப் படிக்காதது அவர் பிழையா, விளையாட்டு மென்பொருளுக்காகப் பணிமேடையை நீக்க முன்வந்த பொதி அமைப்பின் பிழையா என்று பெரும் விவாதம் எழுந்தது. இரண்டாவது கருத்துக்கே வலு அதிகம் எனலாம். அதன் பின் ஆப்ட் மென்பொருளும் மாற்றப்பட்டது. இன்றியமையாத பொதிகளை அச்சொற்றொடரால் மட்டும் நீக்க அது இனி இடந்தருவதில்லை.

இந்நிலையில் செய்ய வேண்டியது, எழுத்து முனையத்திலிருந்து பணிமேடையின் தொகுப்புப் பொதியை மீண்டும் நிறுவுவதே. உபுண்டுவில் அது உபுண்டு-டெஸ்க்டாப் என்னும் பெயருடையது. பயனரின் அமைவுகள் இல்ல அடைவில் இருப்பதால் பணிமேடை முன்பிருந்த தோற்றத்துடனேயே திரும்பும். இணைப்பு கம்பியில்லா வலையமைப்பு எனில் என்எம்டியூஐ என்னும் எழுத்துவழிக் கருவி இணைத்துத் தரும். கம்பி இணைப்பு இருந்தால் அத்தொல்லையும் இல்லை. பெடோராவில் டிஎன்எஃப் ஆணையின் ஹிஸ்டரி தெரிவு முந்தைய செயல்களை எண்ணிட்டுக் காட்டும். அவற்றில் ஒன்றைத் திருப்பிவிடவும் அதனால் இயலும்.

ஏற்றியே வராத நிலை

ஏற்றி பழுதானால் முனையம், மீட்பு நிலை ஆகிய எதுவும் கிடைப்பதில்லை. 2020 ஜூலை 29 அன்று பூட்ஹோல் என்னும் பாதுகாப்புக் குறை வெளியிடப்பட்டபோது, அதற்காக ரெட் ஹேட் அளித்த இற்றையை நிறுவிய கணினிகள் பல மீண்டும் தொடங்கவில்லை. சென்ட்ஓஎஸ் கணினிகளும் பாதிக்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் ஆர்ச் லினக்ஸ் வகையில் வேறொன்று நிகழ்ந்தது. கிரப் பொதி இற்றைப்பட்டு அமைவுக் கோப்பும் புதிதாக எழுதப்பட்டது. ஆனால் தொடக்கப் பிரிவில் இருந்த ஏற்றியோ பழையதாகவே இருந்தது. புதிய கோப்பில் இருந்த ஆணையைப் பழைய ஏற்றி அறியாததால் கணினிகள் தொடங்க மறுத்தன.

இங்கு உதவுவது நேரடி இயக்குதளம் எழுதப்பட்ட யூஎஸ்பி நினைவகம். அதிலிருந்து கணினியைத் தொடக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை பழுது பார்ப்பதன்று. வன்தட்டின் பிரிவை ஏற்றி, இல்ல அடைவில் உள்ள ஆவணங்களை வெளி வட்டு ஒன்றுக்குப் படியெடுத்துவிட வேண்டும். அதன் பின் எது தவறினாலும் இழப்பு சில மணி நேர உழைப்பு மட்டுமே. படியெடுத்த பின், கருனி பயன்படுத்தும் டெவ், ப்ராக், சிஸ் ஆகிய அடைவுகளையும் யூஇஎஃப்ஐ தொடக்கப் பிரிவையும் இணைத்து, சிரூட் ஆணையால் பழுதான அமைப்புக்குள் நுழையலாம். அங்கிருந்து பொதி மேலாளரும் கிரப் நிறுவியும் வழக்கம் போலவே இயங்கும். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்குரிய கடவுத்தொடரை முதலில் கொடுத்துத் திறக்க வேண்டும். அத்தொடரை மறந்தவர்களுக்கு மீட்பு வழி இல்லை.

ஓப்பன்சூசே வழங்கல் 2014 இல் வெளியான 13.2 பதிப்பு முதல் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையை மூலப் பிரிவுக்கு இயல்பாகப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு இற்றைப்படுத்தலுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்னும் கருவி அமைப்பின் நிலைப்பதிவை எடுத்து வைக்கும். கிரப் பட்டியலிலிருந்தே முந்தைய நிலையைத் தேர்ந்து தொடக்கலாம். லினக்ஸ் மின்ட் வழங்கலுடன் வரும் டைம்ஷிஃப்ட் இதையொத்த வசதியைத் தருகிறது. அது இயல்பாகப் பயனரின் இல்ல அடைவைச் சேர்ப்பதில்லை. எனவே ஆவணங்களுக்குத் தனிப் படியெடுப்பு தேவை. நிலைப்பதிவுகள் அதே வட்டில் இருந்தால், வட்டு பழுதாகும் நாளில் அவையும் உடன் போய்விடும்.